சோடா புட்டி கண்ணாடி எங்கே போச்சு?

மக்களே, இன்னைக்கு த்ரெட் கொஞ்சம் நீளம். டீயை வாங்கி வெச்சுட்டு உட்காருங்க.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அடுத்த தடவை போகும்போது ஒரு வேலை பண்ணுங்க. தேனி, திண்டுக்கல், பழனி பஸ்ல இருந்து இறங்குற வயசானவங்க முகத்தை மட்டும் ஒரு பத்து நிமிஷம் கவனிங்க. மஞ்சப்பை இருக்கும், சுருக்குப்பை இருக்கும், எப்பவாவது காதுல தண்டட்டி கூடத் தட்டுப்படும். சோடா புட்டி கண்ணாடி மட்டும் அநேகமா இருக்காது.

நாற்பதைத் தாண்டினவங்களுக்கு நல்லா நினைவிருக்கும். பாட்டிலோட அடிப்பாகம் மாதிரி கனத்த கண்ணாடி. அதுக்குப் பின்னாடி பூதாகரமாத் தெரியுற ரெண்டு கண்ணு. பழைய சினிமால சிரிக்க வைக்கிறதுக்குன்னே ஒருத்தருக்கு அதை மாட்டி விடுவாங்க. நிஜத்துல மாட்டியிருந்தவங்களுக்கு அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல.

அப்பல்லாம் கண்புரை ஆபரேஷன்னா, கண்ணுக்குள்ள வெளுத்துப் போன இயற்கை லென்ஸை அப்படியே வெளியே எடுத்துடுவாங்க. அவ்வளவுதான். உள்ளே லென்ஸ் இல்லாத கண்ணுக்கு ஈடு கட்ட, வெளியே +10 டயாப்டர் பக்கம் பவர் உள்ள கண்ணாடி. அது வழியாப் பார்த்தா எல்லா உருவமும் கால் பங்குக்கு மேல பெருசாத் தெரியும். படி எங்கே இருக்குன்னு கணக்குப் பிடிபடாது. ஓரத்துல வர்ற சைக்கிள் திடீர்னு மண்ணுல இருந்து முளைச்ச மாதிரி முன்னால வந்து நிக்கும். ஒரு கண்ணுல மட்டும் ஆபரேஷன் ஆனவருக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு அளவுல காட்டும். மூளையால ரெண்டையும் ஒட்ட வைக்க முடியாது. கண்ணாடி உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ, ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த இருட்டுக்கே திரும்பிப் போகணும்.

இதைத்தான் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளா 'ஆபரேஷன் வெற்றி'ன்னு டாக்டர்கள் எழுதிக்கிட்டு இருந்தாங்க.

அந்தக் கண்ணாடி எப்படிக் காணாமப் போச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை. இதுல ரெண்டு ஊர் வருது, லண்டனும் நம்ம மதுரையும். இது கண் மருத்துவத்தோட வரலாறு மட்டும் இல்ல. நல்லாப் படிச்ச, நல்ல மனசுள்ள மனுஷங்களோட புத்தி ஒரே இடத்துல எப்படிச் சிக்கிக்குது, அது எப்படி அவிழுதுங்கற வரலாறும் கூட.

முதல்ல அந்தச் சிக்கலைப் பத்தி ரெண்டு வார்த்தை.

கார்ல் டங்கர்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர். அவர் வெச்ச ஒரு சோதனை ரொம்பப் பிரபலம். ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய போர்டு பின் கொடுத்துடுவார். மெழுகுவர்த்தியைச் சுவத்துல நிக்க வைக்கணும். நிறைய பேர் மெழுகை உருக்கி ஒட்டப் பார்ப்பாங்க, பின்னை மெழுகுவர்த்தியிலேயே குத்திப் பார்ப்பாங்க. விடை ரொம்ப எளிசு. பெட்டியைக் காலி பண்ணி, அதையே சுவத்துல பின் அடிச்சு மாட்டினா மெழுகுவர்த்திக்கு மேடை ரெடி. ஆனா பெட்டிக்குள்ள பின் இருக்கறதால அது 'பின் வைக்கிற பெட்டி'யாவே கண்ணுக்குத் தெரியுது. அதே பெட்டியை முதல்லயே காலியா வெச்சுக் கொடுத்தப்போ நிறைய பேர் விடையைக் கண்டுபிடிச்சாங்க. பெட்டி மாறல, ஆளுங்களோட அறிவும் மாறல.

இன்னொரு ஆய்வு 2008-ல வந்தது. பிலாலிச், மெக்லியாட், கோபே மூணு பேரும் செஸ் நிபுணர்களை வெச்சுப் பண்ணினது. பலகையில எல்லாருக்கும் பழக்கமான ஒரு வெற்றி வழி இருக்கும். அதைவிடக் குறைஞ்ச நகர்த்தல்ல முடியுற இன்னொரு வழியும் இருக்கும். நிபுணர்கள் பழகின வழியை உடனே பிடிச்சாங்க. "இதைவிட நல்ல வழி இருக்கான்னு பாருங்க"ன்னா, தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்னு சொன்னாங்க. ஆனா அவங்க கண் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு கருவி வெச்சு அளந்தாங்க. கண் திரும்பத் திரும்ப அந்தப் பழைய வழிக் கட்டங்களுக்கே போயிட்டு இருந்துச்சு. பொய் சொல்லல. தேடுறதா மனசார நம்பினாங்க, ஆனா தேடல. இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. நாங்க டாக்டர்கள் தினமும் ஓபி-ல உட்கார்ந்து பண்ற வேலையே அதுதானே.

செக்கு மாடு நல்லாத்தான் நடக்குது. நிறைய தூரமும் நடக்குது. அதுவேதான் பிரச்சினை.

சரி, லண்டன் போவோம்.

கண்ணுக்குள் அந்நியப் பொருள் இருக்கவே கூடாது. கண் மருத்துவத்தில் இது வேத வாக்கு. இரும்புத் துகள், மரத்தூள், முள் எது போனாலும் கண் வீங்கும், சீழ் பிடிக்கும், சில நேரம் மற்றக் கண்ணும் சேர்ந்து போகும். ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம் அது. தப்பான பாடமும் இல்லை. அதனால் கண் டாக்டரின் வேலை கண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுப்பதுதான். உள்ளே எதையாவது வைப்பது என்ற கேள்விக்கே இடமில்லை.

1940-ல் பிரிட்டன் வான்போர். போர் விமானத்தின் விமானி அறைக்கு மேல் மூடி, பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. குண்டு பட்டு அது சிதறினால் துணுக்குகள் விமானியின் கண்ணுக்குள் போகும். கோர்டன் கிளீவர் என்ற விமானிக்கு அந்த ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. இப்படிப்பட்ட விமானிகளைப் பார்த்தவர்களில் ஒருவர் ஹரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர். அவர் கவனித்தது இதுதான்: துணுக்கு உள்ளேயே கிடக்கிறது, கூர்முனை எங்கும் உரசாத வரைக்கும் கண் சண்டை போடவில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அமைதியாக இருக்கிறது.

அந்தத் துணுக்குகளை ரிட்லி மட்டும் பார்க்கலைங்க. பல டாக்டர்கள் பார்த்தாங்க. அவங்களுக்கு அது 'எடுக்க வேண்டியது' அல்லது 'எடுக்க முடியாமல் விட்டது'. ரிட்லிக்குமே அது அடுத்த நிமிஷமே லென்ஸாத் தெரிஞ்சிடல. போர் முடிஞ்சு சில வருஷம் போச்சு. அவர் கண்புரை ஆபரேஷன் பண்ணும்போது பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்த ஒரு மருத்துவ மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலா வேற ஒண்ணு வைக்க மாட்டீங்களான்னு கேட்டார்னு சொல்வாங்க. பையனுக்கு இன்னும் வேத வாக்கு மனப்பாடம் ஆகல. அதனாலதான் அந்தக் கேள்வி வாயில வந்துச்சு. வார்டுல ஹவுஸ் சர்ஜன் பசங்க கேக்குற 'முட்டாள்தனமான' கேள்விக்கெல்லாம் நான் பொறுமையா நிக்கிறதுக்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

1949 நவம்பர் 29. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதன்முறையாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்தார். அதே பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கின் சுத்திகரித்த வடிவம். ரேனர் என்ற கம்பெனி செய்து கொடுத்தது. ஏறத்தாழ இரண்டு வருடம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில், ஆபரேஷன் ஆன நோயாளிகளையே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அன்றைக்குக் கண் மருத்துவ உலகின் பெரிய தலையான சர் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் அந்த நோயாளிகளின் கண்ணைச் சோதித்துப் பார்க்கவே மறுத்துவிட்டார் என்பது கண் டாக்டர்கள் இன்றுவரை பேசும் சம்பவம். கண் மருத்துவத்துக்கே பாடநூல் எழுதிய மனிதர்.

டியூக்-எல்டரை வில்லனாக்குறது ஈஸி. நான் அதைச் செய்ய மாட்டேன். ரிட்லியோட ஆரம்பகால லென்ஸ் கனமா இருந்துச்சு. சிலருக்கு இடம் மாறி விழுந்துச்சு, சிலருக்குக் கண் அழற்சி வந்துச்சு. எதிர்த்தவங்க கையிலயும் கேஸ் இருந்துச்சு. இந்த மாதிரிச் சிக்கல்ல மாட்டினவங்க பெரும்பாலும் இப்படித்தான்: பாதி உண்மை அவங்க பக்கம் இருக்கும், அந்தப் பாதி உண்மைதான் மீதியைப் பார்க்க விடாது. அமெரிக்க அரசின் மருந்துத் துறை உள்விழி லென்ஸுக்கு முறையா அனுமதி கொடுத்தது 1981-ல. முதல் ஆபரேஷன்ல இருந்து 32 வருஷம். ரிட்லி தொண்ணூறைத் தாண்டி உயிரோட இருந்ததால 2000-ல 'சர்' பட்டம் வாங்கினார். தன் ரெண்டு கண்ணுலயும் அதே லென்ஸை வெச்சுக்கிட்டார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

இப்ப மதுரைக்கு வருவோம்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918-ல் எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை ஸ்டான்லியில் மருத்துவம். பிரசவ டாக்டர் ஆவதுதான் அவர் ஆசை. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் வந்தது; நாங்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்போம். நீண்ட நாள் படுத்த படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணி, முறுக்கிக்கொண்டிருந்தன. கையில் பேனா பிடிப்பதே கஷ்டம். பிரசவம் பார்க்க முடியாது என்று ஆகிவிட்டது.

அறுவை சிகிச்சை டாக்டருக்கு நேரான, நடுங்காத விரல் வேணும். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. அவர் போய்ச் சேர்ந்த துறையோ கண். மில்லிமீட்டர் கணக்குல வெட்டுற துறை. தன் கைக்கு ஏத்த மாதிரிக் கருவிகளை வடிவமைச்சுக்கிட்டார், அந்தக் கோணல் விரல்ல எப்படிப் பிடிச்சா எப்படி வெட்டும்னு பழகிக்கிட்டார். விரலுக்கு ஏத்த வேலையைத் தேடாம, வேலைக்கு ஏத்த பிடியைத் தேடினார்னு சொல்லலாம். வாழ்நாள்ல அவர் கையால ஆன கண் ஆபரேஷன் ஒரு லட்சத்துக்கு மேல.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைத் தலைவர். எர்ஸ்கின் மருத்துவமனை என்று பெயர் இருந்த, இன்று நாம் ராஜாஜி அரசு மருத்துவமனை என்று சொல்லும் இடம். அங்கே இருபது வருடம். கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடத்தியதும் இந்தக் காலத்தில்தான்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். அரவிந்த் கண் மருத்துவமனையோட கதையை மேலாண்மைப் புத்தகங்கள்ல சொல்லும்போது 1976-ல ஆரம்பிப்பாங்க. ஓய்வு பெற்ற டாக்டர், அண்ணாநகர்ல வீட்டுல 11 படுக்கை, வங்கி கடன் கொடுக்கல, குடும்பத்துல நகையை வெச்சுப் பணம் புரட்டினாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா அந்த இருபது வருஷ அரசு மருத்துவமனைக் கூட்டம் இல்லாம அந்த 11 படுக்கை வந்திருக்காதுங்கறது என் கட்சி. வரிசையோட நீளம் எவ்வளவுன்னு தினமும் காலைல பார்த்தவருக்குத்தான், 'இன்னும் நல்லா ஆபரேஷன் பண்ணுவோம்'ங்கறது விடை இல்ல, 'இன்னும் எத்தனை பேருக்குப் பண்ண முடியும்'ங்கறதுதான் கேள்வின்னு உறைக்கும். கேள்வி மாறினதுதான் பெரிய விஷயம். விடை அப்புறம் தானா ஊர்ந்து வந்துச்சு.

விடை எங்கிருந்து வந்துச்சுன்னா, அமெரிக்கா போனப்போ பார்த்த மெக்டொனால்ட்ஸ் கடையில இருந்து.

கேட்டா சிரிப்பு வரும். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அதே ருசி, அதே வேகம், வேலை செய்யறவங்க பெரும்பாலும் சாதாரணமாப் படிச்ச சின்னப் பசங்க. 1948-ல மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையோட சமையலறையைப் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொருத்தருக்கும் ஒரே வேலைன்னு மாத்தி அமைச்சாங்க. புது அடுக்களை எப்படி இருக்கணும்னு டென்னிஸ் மைதானத் தரையில கோடு போட்டு, ஆளுங்களை நடக்க விட்டுப் பார்த்தாங்களாம். பர்கர் விக்கிறவன் கண்டுபிடிச்சதை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு வரலாமேன்னு வெங்கடசாமிக்குத் தோணுச்சு.

எனக்கு இதுல உறுத்துற விஷயம் வேற. இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். நம்ம மதுரைப் புரோட்டாக் கடையில ராத்திரி எட்டு மணிக்குப் போய் நில்லுங்க. ஒருத்தர் மாவு பிசைஞ்சு உருண்டை பிடிக்கிறார். ஒருத்தர் வீசுறார். ஒருத்தர் கல்லுல திருப்பிப் போடுறார். இன்னொருத்தர் அடுக்கி அடிச்சு உதிர்க்கிறார். கல்லுல நிக்கிற மாஸ்டர் இலை எடுக்கப் போக மாட்டார். கைதேர்ந்த ஆளோட நேரம் கைதேர்ந்த வேலைக்கு மட்டும். இதைத் தினமும் சாப்பிட்டுக்கிட்டே பார்த்த எத்தனை ஆயிரம் டாக்டர்கள் இந்த ஊர்ல இருந்திருப்போம்? புரோட்டாக் கடை 'சாப்பிடுற இடம்'ங்கற பெட்டியில இருந்துச்சு. தியேட்டர் வேற பெட்டியில இருந்துச்சு. வெளியூர்ல, பழக்கமில்லாத கடையில பார்த்தப்போதான் பெட்டி திறந்துச்சு போல.

அரவிந்தில் நடந்தது என்ன? ஒரு சர்ஜனுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயார். முடித்ததும் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சர்ஜன் தொடர்வார். பார்வை அளப்பது, கண்ணைத் தயார் செய்வது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, ஆபரேஷனுக்குப் பிறகு விளக்கிச் சொல்வது எல்லாமே, பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். டாக்டர், டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்வார். அங்கே ஒரு சர்ஜன் வருடத்துக்கு 2000 ஆபரேஷன் வரை செய்வது இப்படித்தான் சாத்தியமானது. பணம் கட்டுபவரும் கட்டாதவரும் அதே டாக்டர்களிடம்; அறையும் கட்டிலும் மட்டும் வேறு.

"இப்படி மில்லு மாதிரி பண்ணினா தொற்று வராதா?"ன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2009-ல வெளிவந்த ஆய்வுல 42,000-க்கு மேற்பட்ட தொடர்ச்சியான கண்புரை ஆபரேஷன்களைக் கணக்குப் போட்டிருக்காங்க. கண்ணுக்குள் சீழ் பிடிக்கிற தொற்று 0.09 சதவீதம், அதாவது பத்தாயிரத்துக்கு ஒன்பது பேர். உலகத்தின் நல்ல மருத்துவமனைகளோட வெச்சுப் பேசக்கூடிய எண்தான். ஒரே வேலையைத் தினமும் பண்ற கை தப்புக் குறைவாப் பண்ணுது.

அடுத்த சிக்கல் இன்னும் சுவாரசியம். ஏன்னா இது எதிரிகளோட சிக்கல் இல்ல, நம்ம ஆளுங்களோட சிக்கல்.

இலவசமா ஆபரேஷன் பண்றோம்னு சொன்னா சனங்க ஓடி வருவாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. வரலை. வராதவங்களை என்ன சொல்வோம்? விழிப்புணர்வு இல்ல, படிப்பு இல்ல, மூட நம்பிக்கை. இந்த மூணு வார்த்தை எங்க துறையில ரொம்ப வசதியான வார்த்தை. நோயாளியைக் குத்தம் சொன்னா, நம்ம முறையைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

வராதவர்களிடமே போய்க் கேட்டால் வேறு கதை. பஸ் காசு யார் கொடுப்பது? கூட வருகிற மகனுக்கு அத்தனை நாள் கூலி போகுமே? வீட்டில் பேரப்பிள்ளையை யார் பார்ப்பது? ஆட்டை யார் மேய்ப்பது? இலவசம் என்று டாக்டர் சொல்வது ஆபரேஷனை. குடும்பத்துக்கு அது ஒருபோதும் இலவசமாக இருந்ததில்லை. 1991-ல் வெளியான ஒரு ஆய்வுக்காக நம்ம பக்கத்துக் கிராமங்களில் பல வழிகளைப் பிரித்துப் பரிசோதித்தார்கள். வண்டி, சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டபோது வந்தவர்கள் கூடினார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிப் பார்வை வந்த ஒருவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னதற்கும் நல்ல பலன் இருந்தது. அப்புறம் முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவது வழக்கமானது.

முகாம் பெரிய வெற்றி. ஆயிரக்கணக்கான பேருக்குப் பார்வை வந்தது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

இங்கதான் நான் இந்தக் கதையில மதிக்கிற இடம் வருது.

1999-ல இன்னொரு ஆய்வு வெளிவந்தது. தென்னிந்தியக் கிராமங்கள்ல போய், கண்ணுல கோளாறு உள்ளவங்கள்ல எத்தனை பேர் தங்கள் ஊர்ப் பக்கம் நடந்த முகாமுக்கு வந்தாங்கன்னு கணக்கெடுத்தாங்க. வந்தவங்க நூத்துக்கு ஏழு பேர். ஏழு! ஆய்வு பண்ணினவங்கள்ல அரவிந்த் ஆளே இருந்தார். முகாமுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா இந்த எண் ஒருநாளும் கண்ணுல பட்டிருக்காது. கூட்டம் பெருசாத்தானே இருக்கு? வராத தொண்ணூத்தி மூணு பேர் போட்டோல விழ மாட்டாங்களே. செஸ் நிபுணரோட கண் எந்தக் கட்டத்துல நின்னுச்சோ அதே கதை. முகாம்னு ஒரு நல்ல விடை கைக்கு வந்ததும், அதுவே அடுத்த செக்கடியா மாறிடுச்சு.

வராதவங்க சொன்ன காரணங்கள்ல பயம் இருந்துச்சு, செலவு இருந்துச்சு, குடும்பப் பொறுப்பு இருந்துச்சு. "வயசாச்சு, இருக்கற பார்வையே போதும், சமாளிச்சுக்கிறேன்"ங்கறதும் இருந்துச்சு. எங்க வீட்டுப் பெரியவங்க, உங்க வீட்டுப் பெரியவங்க வாயில தினமும் வர்ற வார்த்தைதான்.

வருடத்துக்கு ஒருநாளோ இரண்டு நாளோ வந்து போகும் முகாமை நம்பி இராமல், அருகில் உள்ள ஊரிலேயே நிரந்தரமாக ஒரு சின்ன இடம் வைக்கலாம் என்ற யோசனை அப்புறம் வந்தது. அங்கே எப்போதும் டாக்டரை உட்கார வைக்க முடியாது. அதனால் பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதிப்பார், டாக்டர் தூரத்திலிருந்து திரையில் பார்த்துப் பேசுவார். 2004-ல் தேனி மாவட்டத்தில் இந்தப் பார்வை மையங்கள் தொடங்கின. வீடியோவுக்கு வேகமான இணைப்பு வேண்டும். அன்றைக்குக் கிராமத்தில் ஏது? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் சாதாரண வைஃபையையே எடுத்து, ஆன்டெனாவைத் திசை திருப்பி, மென்பொருளை மாற்றி, பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பாயவிட்டார்கள். வைஃபை என்றால் வீட்டுக்குள், ஆபீஸுக்குள் என்று நினைக்கிறோம். அட்டைப்பெட்டி என்றால் பின் வைக்க என்று நினைத்த மாதிரிதான்.

நடுவுல லென்ஸ் கதையை விட்டுட்டேன். சோடா புட்டிக்கு வருவோம்.

1980-களில் மேலை நாடுகளில் ரிட்லியின் லென்ஸ் வழக்கமாகிவிட்டது. நம் ஊர் ஏழைக்கு? இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலருக்கு மேல். முகாமில் வரும் விவசாயக் கூலிக்கு அதை எப்படி வைப்பது? இலவச நோயாளிக்குப் பழைய ஆபரேஷன், சோடா புட்டி. பணம் கட்டுபவருக்கு லென்ஸ். நிபுணர்கள் பலர் இதைச் சரி என்றே சொன்னார்கள். ஏழை நாட்டுக்கு இந்தத் தொழில்நுட்பம் தேவையில்லை, கண்ணாடி போதும், அதிகம் பேருக்குச் செய்வோம் என்பது அவர்கள் வாதம். கெட்ட எண்ணம் இல்லை. பற்றாக்குறையில் வேலை செய்பவன் போடும் கணக்கு அது. அரசு மருத்துவமனையில் இருக்கும் எனக்கு அந்தக் கணக்கு நல்லாவே புரியும்.

ஆனா அந்தக் கணக்குல ஒரு எண்ணை யாரும் தொடல. லென்ஸ் விலை. அது ஏதோ மழை, வெயில் மாதிரி இயற்கை கொடுத்த எண்ணுன்னு வெச்சுக்கிட்டாங்க. டேவிட் கிரீன்ங்கற அமெரிக்கரும் அரவிந்த் ஆளுங்களும் வேற கேள்வி கேட்டாங்க: இந்தத் துளியூண்டு பிளாஸ்டிக்கைச் செய்ய உண்மையில என்ன செலவாகுது? நாமளே செஞ்சா என்ன?

1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. 10 டாலர் அளவில் லென்ஸ் வந்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து லென்ஸ் போகிறது. 1994-ல் உலக வங்கி உதவியுடன் மத்திய அரசு தொடங்கிய கண்புரைத் திட்டத்தில் ஏழு மாநிலங்கள், தமிழ்நாடும் ஒன்று. அந்தத் திட்டக் காலத்தில்தான் அரசு மருத்துவமனைகளும் லென்ஸ் வைக்கும் ஆபரேஷனுக்குப் பெரிய அளவில் மாறின. விலை இறங்கியிராவிட்டால் அது நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அரசு மருத்துவமனையில் ஒரு பைசா இல்லாமல் உங்க அப்பத்தாவுக்குக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிறார்கள்.

சோடா புட்டி போன வழி இதுதான். விமானியின் கண்ணில் குத்தின பிளாஸ்டிக், வேடிக்கை பார்த்த மாணவரோட கேள்வி, கோணல் விரல் டாக்டர், பர்கர் கடை, வராதவங்க வீட்டுத் திண்ணை, யாரும் தொடாத ஒரு விலை. இதுல 'உட்கார்ந்து புதுசா யோசி'ன்னு யாரும் யாரையும் சொல்லலை கவனிச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் வெளியே இருந்து ஏதோ ஒண்ணு வந்து இடிச்சிருக்கு. செஸ் ஆய்விலயும் அதே தான் நடந்துச்சு. பலகையில ஒரு காயை நகர்த்தி அந்தப் பழகின வழியை அடைச்சுட்டாங்க. அடைச்சதும் அதே நிபுணர்கள் சின்ன வழியைக் கண்டுபிடிச்சாங்க. உங்க ஆபீஸ்ல, கடையில, வீட்டுல ஏதாவது ஒரு பிரச்சினை வருஷக்கணக்கா அதே இடத்துல நிக்குதுன்னா, இந்த விடை சட்டப்படி தடைன்னு ஒரு நாளைக்கு வெச்சுக்கிட்டுப் பாருங்க. வராத வாடிக்கையாளர் யாரையாவது போய்ப் பாருங்க. சம்பந்தமே இல்லாத தொழில் பண்ற உங்க மச்சான்கிட்ட சொல்லிப் பாருங்க. அவர் சொல்றது பத்துல ஒன்பது உதவாது. பரவாயில்ல.

கடைசியா ஒண்ணு. இந்தச் சிக்கல் இப்போ எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.

மேலை நாடுகளில் ஒரு கண்புரை ஆபரேஷன் முடிந்தால் ஒரு மூட்டை குப்பை சேரும். துணி, குழாய், பாதி மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எல்லாம் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது. ஒருமுறைப் பயன்பாடு என்றாலே பாதுகாப்பு என்பது அங்கே வேத வாக்கு. அரவிந்தில் கிருமி நீக்கம் செய்து திரும்பப் பயன்படுத்தக்கூடியதைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். 2017-ல் வெளியான ஆய்வில், இங்கே ஒரு ஆபரேஷனால் ஆகும் கார்பன் உமிழ்வு பிரிட்டனில் ஆவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என்று வந்தது. தொற்று எண்ணிக்கையை மேலே பார்த்தீங்க. இப்போ அங்குள்ள கண் டாக்டர்கள் தங்கள் தியேட்டர் குப்பைத் தொட்டியைப் பார்த்து, இதெல்லாம் ஏன் தூக்கிப் போடுகிறோம் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் கட்டுரைகளில் உதாரணமாக வருவது நம்ம மதுரை.

வீட்டுல யாருக்காவது பார்வை மங்கலா இருந்து, "சமாளிச்சுக்கிறேன்"னு சொல்லிட்டு இருந்தாங்கன்னா, கமென்ட்ல ஊரைப் போடுங்க. பக்கத்துல எங்கே காட்டலாம்னு சொல்றேன்.